மேடையில் மட்டுமே பார்க்க முடிகிற நாடகங்கள்: உங்களுக்கு மறக்காதது எது?

செந்தூல்_மாலா:
வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளி நாடகக் குழுப் பிள்ளைகளிடம் எதை நடிக்கச் சொன்னாலும் சினிமா சீனைத்தான் நடிக்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் பாதி உயிர் போய்விடும், நேரில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு என்கிற மாதிரி நாடகம், இசை நாடகம் எதுவானாலும் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்லுங்கள்.

நான் பார்த்ததில் 'மட்' என்கிற இசை நாடகம் எனக்கு மறக்காது. டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் பங்கோங் பண்டாராயா அரங்கில் போட்டார்கள். மாமாட், மெங், முத்தையா என்று மூன்று பேர் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூர் வருவார்கள். 1881-இல் ஊரே தீப்பிடித்தது, அதே வருடம் வெள்ளமும் வந்தது, அதுதான் கதை. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடம் அங்கிருந்து நடக்கிற தூரம்! முத்தையா மேடைக்கு வந்ததும் என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லைட்காரர்_கேஎல்:
டீச்சர், உங்களுக்கு 'த மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்'தான் சரி. சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது பாதியில் நின்றுபோன நாவல். ரூபர்ட் ஹோம்ஸ் அதை 1985-இல் இசை நாடகமாக்கினார். வசனம், பாட்டு, இசை எல்லாம் அவரே. டிக்கன்ஸ் பேனாவைக் கீழே வைத்த இடம் வந்ததும் ஆட்டம் அப்படியே நிற்கும். மாறுவேடத்தில் துப்பறிகிறவர் யார், கொலை செய்தது யார், கடைசியில் ஜோடி சேர்வது யார் யார், மூன்றுக்கும் பார்வையாளர்கள் ஓட்டுப் போடணும்.

இங்கே மாணவர்கள் போட்டபோது நான் லைட் பார்த்தேன். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவருக்கும் தனி வாக்குமூலப் பாட்டு, எனக்கும் தனித்தனி கியூ ஷீட், அதாவது எந்த லைட்டை எப்போது மாற்றணும் என்கிற குறிப்புத் தாள். ஓட்டு எண்ணியதும் ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் ஒரே ஒரு பெயர் சொல்வார். உடனே அந்தத் தாளை உருவணும். பாடத் தயாராக நின்ற மற்றவர்கள் அன்றைக்குப் பாடாமலே போவார்கள். அந்த நிமிடத்தை எந்தக் கேமரா பிடிக்கும்?

'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' என்று யாராவது சொல்வார்கள். நடிகர்கள் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ரயில்களாக ஓடுவது. லண்டனில் 1984 முதல் 2002 வரை நடந்தது. ஜெர்மனியில் போஹும் நகரில் அதற்கென்றே அரங்கம் கட்டி 1988-லிருந்து நடத்துகிறார்கள். பிரமாதம்தான், ஆனால் பள்ளி மண்டபத்துக்கு ஒத்துவராது.

பினாங்கு_காதர்:
பங்சாவான் என்கிற மலாய் மேடை நாடகத்தை விட்டுவிட்டீர்களே! அது எங்கள் ஊர்ச் சொத்து. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் கிளம்பிய கலை. 1885 வாக்கில் மாமாக் புஷி முதல் குழுவை நடத்தினார். அந்தக் காலத்தில் முழு வசனம் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கதைப்போக்கைச் சொல்லிவிட்டால் நடிகர்கள் மேடையிலேயே பேசிக்கொள்வார்கள். அரண்மனை, காடு, தெரு என்று படம் வரைந்த திரைகள்தான் செட். திரை மாற்றுகிற நேரத்தில் முன்னால் பாட்டு, கோமாளி ஆட்டம். ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. மாலா டீச்சர், வசனத்தாளைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

செந்தூல்_மாலா:
காதர் அண்ணே, அதையே இந்த வாரம் செய்து பார்க்கிறேன். லைட்காரர் அண்ணே, மண்டபம் நிறையப் பெற்றோர் இருந்தால் ஓட்டு எப்படி எண்ணுவது?

லைட்காரர்_கேஎல்:
வரிசைக்கு ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணி, சீட்டில் எழுதி மேடைக்கு ஓடி வரட்டும். முதல் தடவை இரண்டு முடிவு போதும், இரண்டையும் சமமாக ஒத்திகை பாருங்கள்.