ஐந்து மாத லாப்ரடார் குட்டிக்கு அடுத்து எந்த உணவு?

கேள்வி: ஈரமூக்கு

வணக்கம். எங்கள் லாப்ரடார் ஆண்குட்டிக்கு ஐந்து மாதம் நிறைந்துவிட்டது. எடை 16 கிலோ. வளர்ப்பாளர் கொடுத்தனுப்பிய உலர் உணவு இன்னும் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு எதை வாங்குவது என்று கேட்கப்போய், ஆளுக்கொரு திசையில் இழுக்கிறார்கள். புரதம் 32 சதவீதத்துக்குக் குறைந்த எதையும் தொடாதே என்கிறார் ஒருவர். அவ்வளவு புரதம் கொடுத்தால் குட்டி மளமளவென வளர்ந்து கால் எலும்பு வளைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். தானியம் சேராத உணவே நாயின் இயல்புக்கு உகந்தது என்றும், எதைக் கொடுத்தாலும் மேலே கால்சியம் பொடி தூவ வேண்டும் என்றும் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். டப்பாவில் வரும் ஈர உணவைப் பார்த்தேன். அதில் புரதம் 8 சதவீதம் என்றுதான் போட்டிருக்கிறது, ஆகவே அது தரம் குறைந்தது என்று விலக்கிவிட்டேன். வீட்டிலேயே சமைத்துப் போட்டால் என்ன என்ற யோசனையும் இருக்கிறது. இவற்றில் எதை நம்புவது?

பதில்: வால்நுனி

பையின் முன்பக்கத்தில் உள்ள படத்தையும் வாசகங்களையும் மறந்துவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வாக்கியத்தை முதலில் தேடுங்கள். அந்த உணவு "முழுமையானது, சமச்சீரானது" என்றும், எந்தப் பருவத்து நாய்க்கு உரியது என்றும் அது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பும் ஐரோப்பாவின் ஃபெடியாஃப் அமைப்பும் வகுத்திருக்கும் ஊட்டச்சத்து அளவுகளை ஒட்டியே பெரும்பாலான நிறுவனங்கள் இதை எழுதுகின்றன. "இடையிடையே அல்லது துணையுணவாகக் கொடுப்பதற்கு மட்டும்" என்று இருந்தால் அது தின்பண்டம்தான், அன்றாட உணவாகாது.

உங்கள் குட்டிக்கு "வளர்ச்சிப் பருவத்துக்கு" அல்லது "எல்லாப் பருவங்களுக்கும்" என்று இருப்பது மட்டும் போதாது. முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 32 கிலோவோ அதற்கு மேலோ எட்டக்கூடிய நாய்களைப் பேரினம் என்று கணக்கிட்டு, அவற்றின் குட்டிகளுக்கும் ஏற்றது என்று தனியே குறிப்பிடுவார்கள். ஆண் லாப்ரடார் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தொட்டுவிடும் என்பதால் அந்தக் குறிப்பு இருக்கும் உணவையே வாங்குங்கள்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் கால்சியம். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை உள்ளே விடாமல் ஓரளவு தடுத்துக்கொள்ளும். இளங்குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக அமைவதற்குச் சுமார் ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலும்பும் மூட்டுக் குருத்தெலும்பும் கோணலாக உருவாகும். ஆகவேதான் ஆஃப்கோ அளவுகளில் பொதுவான உச்சவரம்பு உலர்நிலையில், அதாவது உணவிலுள்ள நீரைக் கழித்துக் கணக்கிட்டால், 2.5 சதவீதம் என்றிருக்க, பேரினக் குட்டிகளுக்கு மட்டும் 1.8 சதவீதம் என்று குறைத்திருக்கிறார்கள். குறைந்தபட்ச அளவும் உண்டு, 1.2 சதவீதம். முழுமையான உணவின் மேல் கால்சியம் பொடி தூவுவது, கவனமாகக் கணக்கிட்டு வைத்த இந்த இடைவெளியை நாமே உடைப்பதாகும். பொடியை இன்றே நிறுத்திவிடுங்கள். பல பைகளில் கால்சியத்தின் குறைந்தபட்ச அளவை மட்டுமே அச்சிடுகிறார்கள். உச்ச அளவு எவ்வளவு என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அதற்குத் தெளிவான எண்ணைத் தர முடியாத நிறுவனத்தின் உணவை நான் என் நாய்க்கு வாங்குவதில்லை.

காலை வளைப்பது புரதமன்று. மிகுதியான கால்சியமும், தேவைக்கு மேற்பட்ட கலோரியால் குட்டி அவசரமாகப் பெருப்பதும்தான் அதற்குக் காரணங்கள். வளரும் குட்டிக்கு உலர்நிலையில் 22.5 சதவீதப் புரதமே குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் 28 இருந்தாலும் 32 இருந்தாலும் நீங்கள் கவலைப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

ஈர உணவை அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டீர்கள். அதில் 78 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டால் மீதமுள்ள 22 பங்கில் 8 பங்கு புரதம். அதாவது உலர்நிலையில் 36 சதவீதம். உலர் உணவில் 10 சதவீதம் ஈரமும் 26 சதவீதம் புரதமும் இருந்தால் உலர்நிலையில் 29 சதவீதம் அளவில்தான் வரும். நீரைக் கழிக்காமல் இரண்டையும் ஒப்பிடக் கூடாது. சேர்மானப் பட்டியலிலும் இதே வேடிக்கை உண்டு: பட்டியல் எடை வரிசையில் அமைவதால், நீர் நிறைந்த பச்சை இறைச்சி முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தானியமற்ற உணவைப் பற்றி: மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய்கள் பெற்றுவிட்டன, அதற்கான மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தானியத்தை நீக்கிய உணவுகளில் அதன் இடத்தைப் பெரும்பாலும் பட்டாணி, பயறு, உருளைக்கிழங்கு ஆகியவை நிரப்புகின்றன. இத்தகைய உணவுகளை உண்ட நாய்களில் இதயத் தசை விரிந்து தளரும் நோய் காணப்படுவதாக வந்த புகார்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 முதல் ஆராய்ந்தது. அந்த எண்ணிக்கைகளைக் கொண்டு மட்டும் உணவுதான் காரணம் என்று நிறுவ முடியாது என 2022இல் அது தெரிவித்தது. குற்றம் நிரூபணமாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் தானியத்தால் உங்கள் குட்டிக்குத் தொல்லை ஏதும் இல்லாதபோது அந்த ஐயத்தை வீட்டுக்குள் அழைக்க வேண்டிய தேவையும் இல்லை.

பதில்: கிண்ணம் காலி

வீட்டுச் சமையலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில் நான் சூடுபட்டவன். என் முதல் நாய்க்கு எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, அரிசி, கேரட் மூன்றையும் வேகவைத்துக் கொடுத்துவந்தேன். ஆவலாகத் தின்றது, உடலும் மினுமினுத்தது. ஏழாவது மாதத்தில் நொண்டத் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்புகள் மெலிந்திருப்பதைக் காட்டிவிட்டு, என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். தனி இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியமோ அதில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உணவில் கால்சியம் குறைந்தது பாஸ்பரசுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. நல்ல வேளையாக, உணவை மாற்றியபின் சில மாதங்களில் தேறிவிட்டது.

நூல்களிலும் இணையத்திலும் கிடைக்கும் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 190இல் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்தாவது குறைவாக இருந்தது. சமைத்தே தீர வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் உங்கள் குட்டிக்கென்று எழுதி வாங்கி, ஒரு பொருளையும் மாற்றாமல் சமையுங்கள். வளர்ச்சி முடியும் வரை அதையும் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்ந்த இனிப்புகள், வெந்த எலும்பு ஆகியவை கிண்ணத்துக்கு அருகிலேயே வரக் கூடாது.

பதில்: அதிகாலை நடை

எதைக் கொடுப்பது என்று இவ்வளவு பேசியாயிற்று; எவ்வளவு கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே. லாப்ரடாருக்கு அதுதான் பெரிய கேள்வி, ஏனெனில் போதும் என்று அது ஒருநாளும் சொல்லாது.

எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள், இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள், வரும் எண்ணை 70ஆல் பெருக்குங்கள். 16 கிலோவுக்கு அது 4096, பிறகு 64, பிறகு 8. ஆகவே 560 கிலோகலோரி. இது சும்மா படுத்திருப்பதற்கான தேவை. நான்கு மாதம் கடந்த குட்டிக்கு ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 1120. உங்கள் பையில் ஒரு கிலோவுக்கு 3500 கிலோகலோரி என்றிருந்தால் நாளொன்றுக்கு 320 கிராம். அதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். குவளையால் அள்ளாமல் தராசில் நிறுத்துங்கள். பயிற்சிக்காகக் கொடுக்கும் தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதையும் இந்தக் கணக்கிலிருந்தே கழிக்க வேண்டும்.

இது தொடக்கப் புள்ளிதான். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலேயே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கொழுகொழுவென்ற குட்டி பார்க்க அழகுதான், மூட்டுகளுக்கு அது கேடு. 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து ஆயுள் முழுதும் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. குறைவாக உண்டவை இடைநிலைக் கணக்கில் 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆய்வை நடத்தியது நாய் உணவு விற்கும் நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைவாகக் கொடு என்ற முடிவு அவர்களுடைய வியாபாரத்துக்கு உதவாது என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை.

ஈரமூக்கு

மூவருக்கும் மிக்க நன்றி. பொடியை எடுத்து வைத்துவிட்டேன். பேரினக் குட்டிகளுக்கும் ஏற்றது என்ற குறிப்புள்ள ஓர் உணவைக் கண்டுபிடித்து, கால்சியத்தின் உச்ச அளவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: பழைய உணவு தீர்ந்த மறுநாளே புதியதற்கு மாறலாமா?

வால்நுனி

வேண்டாம், வயிறு கலங்கும். பழையது தீரும்வரை காத்திராமல் கையில் இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்து அரை, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளுக்குள் முழுதும் மாற்றிவிடலாம். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் பொறுத்து மறுபடி ஏற்றுங்கள். வாந்தியோ இரத்தமோ கண்டாலும், குட்டி சோர்ந்து படுத்தாலும் அது உணவு மாற்றத்தால்தான் என்று நீங்களாகவே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பத்து நாள் கையிருப்பு இருக்கிறது என்றீர்கள். அது சரியாகப் போதும், நாளைக் காலையே தொடங்கினால்.