படிப்புக் கடன் பாக்கிக்கு லைசென்ஸ் முடக்கம்: அமெரிக்க நடைமுறை

அமெரிக்காவில் சில மாநிலங்களில், படிப்புக் கடனைக் கட்டாதவர்களின் தொழில் லைசென்ஸை முடக்கச் சட்டம் உண்டு. லூசியானா மாநிலத்தில் நர்ஸ்களுக்கு லைசென்ஸ் தரும் நர்சிங் போர்டு 2016இல் 87 நர்ஸ்களுக்கு, கடன் தவணையை ஒழுங்காக்கும்வரை லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதியது. 84 பேர் கட்டிவிட்டார்கள். சட்டத்தை ஆதரிக்கிறவர்கள் இந்த 84ஐத்தான் காட்டுவார்கள். மிச்சம் மூன்று பேர் நர்ஸ் வேலையே செய்ய முடியாமல் போனது. வேலையைப் பறித்துவிட்டுக் கடனைக் கட்டு என்றால் எதைக் கொண்டு கட்டுவது? 2017 வாக்கில் 19 மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருந்தது. மொன்டானா 2015இலும், இல்லினாய் 2018இலும், டெக்சாஸ் 2019இலும் எடுத்துவிட்டன.

*

சட்டம் இன்னும் இருக்கிற இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: பொதுவாகக் கடனை முழுக்க அடைக்கச் சொல்வதில்லை, தவணை ஒப்பந்தம் போதும். ஒப்பந்தம் போட்ட கடிதம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். வீடு மாறியதும் கடன் கம்பெனிக்குப் புது முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் பழைய வீட்டுக்கே போகும், புதுப்பிக்கும் நாளில்தான் விஷயம் தெரியும்.

*

ஃபெடரல் கடனில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் படிப்புக் கடனில், 270 நாள் கட்டாவிட்டால் டீஃபால்ட் (கடன் தவறியவர் என்ற நிலை). அதிலிருந்து மீள இரண்டு வழி முக்கியம்.

ரீஹாபிலிடேஷன் (தவணைகளை ஒழுங்காகக் கட்டிக் கடனைச் சீராக்குவது): அடுத்தடுத்த 10 மாதத்தில் 9 தவணை, ஒவ்வொன்றும் கெடு தேதியிலிருந்து 20 நாளுக்குள். வருமானச் சான்று கொடுத்தால் தவணை மிகச் சிறியதாகவும் அமையலாம். ஒரே மாதத்தில் இரண்டு தவணை கட்டினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். கடனுக்காகக் கட்டாயமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பணம் இந்த 9 தவணைக் கணக்கிலேயே வராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கன்சாலிடேஷன் (பழைய கடனை ஒரு புதுக் கடனாக மாற்றுவது): வருமானத்துக்கு ஏற்பத் தவணை வைக்கும் திட்டத்தில் சேர ஒப்புக்கொண்டாலே போதும், சில வாரங்களில் முடியும். லைசென்ஸ் அவசரம் என்றால் இதுதான். ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் (உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில்) டீஃபால்ட் பதிவு அப்படியே நிற்கும். அதை அழிப்பது ரீஹாபிலிடேஷன் மட்டுமே. சம்பளப் பிடித்தம் உத்தரவு ஏற்கனவே வந்திருந்தால், அது நீங்கும்வரை கன்சாலிடேஷன் கிடைக்காது. அதனால் பிடித்தம் பற்றிய 30 நாள் நோட்டீஸ் வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

*

மேலே விட்டுப்போனது: ரீஹாபிலிடேஷன் முடிந்ததும் கடன் வேறு கம்பெனிக்கு மாறும். அங்கே வருமானத் திட்டத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால் தவணை திடீரென்று பல மடங்கு ஏறலாம். மறுபடி டீஃபால்ட் ஆகிறவர்கள் பெரும்பாலும் இங்கே சறுக்குகிறவர்கள்தான்.

எஃப்-1 விசாவில் (வெளிநாட்டு மாணவர் விசா) படிக்கிறவர்களுக்கு ஃபெடரல் கடனே கிடையாது. இதெல்லாம் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் தலைவலி.