புதுச்சேரி இணைந்த நாள் எது: 1954 நவம்பர் 1-ஆ, 1962 ஆகஸ்ட் 16-ஆ?

இளவேனில் (வினா):
போட்டித் தேர்வுக்காக நவீன இந்திய வரலாற்றின் முக்கிய நாள்களைத் தொகுத்து வருகிறேன். புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த நாளாகச் சில நூல்கள் 1954 நவம்பர் 1-ஐயும், வேறு சில 1962 ஆகஸ்ட் 16-ஐயும் தருகின்றன. எதை விடையாக எழுதுவது? இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்தது ஏன்?

ஏட்டுக்காரன்:
வினா எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியான விடைகள்தாம். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில், 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அடுத்த மூன்றாம் நாள் புதுதில்லியில் உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 1 முதல் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்திய அரசிடம் வந்தது. ஆயினும் சட்டப்படி அவை பிரான்சின் மண்ணாகவே நீடித்தன. அந்த உரிமையை விட்டுத்தரும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் ஏற்பு ஆவணங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்ட நாள் 1962 ஆகஸ்ட் 16 ஆகும். ஆகவே ‘நடைமுறையில்’ என்று கேட்டால் முதல் நாளையும், ‘சட்டப்படி’ என்று கேட்டால் இரண்டாம் நாளையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றையும் சொல்லாமல் வெறுமனே ‘இணைந்த நாள்’ என்று கேட்பது வினாத்தாள் அமைப்பவரின் குறை.

செங்கழுநீர்:
காலதாமதத்திற்கு, அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவே பெரிதும் காரணம். புதுச்சேரியின் நிர்வாகம் கைமாறிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அங்கு பிரான்சுக்கு எதிரான ஆயுதப் போர் தொடங்கியது. ஒரு பகுதியை முறைப்படி விட்டுக்கொடுத்தால் அதுவே அல்ஜீரியாவுக்கும் முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் பாரிசில் வலுவாக இருந்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதத்தில் புதுச்சேரி ஒப்பந்தத்திற்கும் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்துவிட்டது.

பஞ்சாலைத்தெரு:
நாள்களோடு மனிதர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் மாண்டனர். அந்தத் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தெடுத்த வ. சுப்பையாவைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுத இயலாது. எதுவார் குபேர் என்ற அரசியல் தலைவரோ நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சிக்கு வேண்டியவராக இருந்து, 1954 மார்ச்சில்தான் இணைப்பின் பக்கம் வந்தார். 1963-இல் முதலமைச்சராகவும் ஆனார். கடைசி ஏழு மாதங்களில் அவருடைய மாற்றம் நிலைமையைப் புரட்டிப் போட்டது உண்மையே. எனினும் பாடநூல்கள் அவருக்குத் தரும் இடத்தைச் சுப்பையாவுக்குத் தருவதில்லை என்பது என் கருத்து.

இளவேனில்:
விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அப்படியானால் அந்த எட்டு ஆண்டுகளில் புதுச்சேரி மக்கள் எந்த நாட்டின் குடிமக்களாக இருந்தனர்?

ஏட்டுக்காரன்:
பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தோர் 1962 வரை அவ்வாறே இருந்தனர். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ குடும்பங்கள் பல அவ்வாறு அறிவித்தன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புதுச்சேரியில் இருந்தபடியே பிரான்சின் தேர்தல்களில் வாக்களிக்கின்றனர்.