தாத்தாவின் கண்

குழு: சுங்கை சிப்புட் தோட்டத்து வீடு

ஈப்போ அக்கா, இரவு 8:05
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு இன்று கண் படம் எடுத்தோம். எழுத்துப் பலகையில் போன தடவை வாசித்த அதே வரிசை வரை வாசித்துவிட்டான். ஆனால் கண்ணுக்கு உள்ளே மாலைக்கண் நோய் கொஞ்சம் முற்றியிருக்கிறது.

சித்தி, 8:09
பார்வை குறையவில்லை என்றால் நல்லதுதானேம்மா? மாலைக்கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி தினமும் கொடுக்கச் சொல். நான் பறித்து அனுப்புகிறேன்.

ஈப்போ அக்கா, 8:17
கீரை நல்லதுதான் சித்தி, அனுப்புங்கள். ஆனால் இது சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் இல்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பிறவியிலேயே மரபணுவில் இருப்பது. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் முதலில் சாகும், அதனால் ஓரப் பார்வை போகும். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். எழுத்துப் பலகை அந்த நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கிறது. டவுனில் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தாரே, எதுவும் தெரியவில்லையே, அதற்குக் காரணம் இதுதான். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் யாரும் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

மாமா, 8:20
ஸ்கேனில் அப்படி என்னதான் தெரிகிறது?

ஈப்போ அக்கா, 8:31
ஓசிடி என்று பெயர் மாமா. 1991-இல் வந்த முறை. வயிற்று ஸ்கேன் ஒலியை அனுப்புகிற மாதிரி இது ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் போடுகிறது. விழித்திரை கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் குவே லாப்பிஸ் அடுக்குப் பலகாரத்தை வெட்டி வைத்தது போல அடுக்கடுக்காகத் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோடு இருக்கும் இடத்தில் செல்கள் வேலை செய்கின்றன, கோடு அறுந்த இடத்தில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு தம்பியின் கோடு 3.1 மில்லிமீட்டர் நீளம். இன்று 2.6. இரண்டு படத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து டாக்டர் காட்டினார். பழைய படம் இல்லாவிட்டால் இன்றைய படத்தை வைத்து இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

தம்பி, 8:36
இன்னொரு படம் இருந்தது மாமா. நீல ஒளி அடித்தால் கண் தானாகவே லேசாக ஒளிரும், அதைப் பிடிக்கிற படம். கறுப்பு வெள்ளையில் நடுவில் ஒரு பிரகாசமான வளையம். வளையத்துக்கு உள்ளேதான் எனக்கு நல்ல பார்வை. அது சுருங்கியிருக்கிறது. ஊசி கிடையாது, வலி கிடையாது. தாடையை வைத்துக்கொண்டு சிமிட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். சொட்டு மருந்தால் சாயங்காலம் வரை எல்லாம் மங்கல்.

மாமா, 8:44
படிக்கப் படிக்க அப்பா ஞாபகம் வருகிறது. விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது எத்தனை முறை லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், விழுந்திருக்கிறார். குடித்துவிட்டு வருகிறான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அம்மா ஒரு வெள்ளைத் துண்டை இடுப்புக்குப் பின்னால் தொங்கவிட்டு முன்னால் நடப்பார். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவார்.

ஈப்போ அக்கா, 8:52
மாமா, இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல வந்தேன். தாத்தாவுக்கும் இதே நோய்தான் இருந்திருக்க வேண்டும். தம்பியின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஆர்பிஜிஆர் என்ற மரபணு, எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. தாத்தாவின் எக்ஸ் மகள்கள் எல்லாருக்கும் போகும், மகனுக்குப் போகாது. அதனால் உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா வழியில் இது வராது. அம்மாவுக்கும் சித்திக்கும் வந்திருக்கிறது. அவர்களின் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கும் இன்று நீல ஒளிப் படம் எடுத்தார்கள். பார்வை நன்றாக இருந்தும், வண்டிச் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நடுவிலிருந்து கோடுகள் ஓடின. மரபணுவைச் சுமக்கிற பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித் தெரியுமாம். நானும் எடுத்துப் பார்க்கப் போகிறேன், எனக்கும் மகன் இருக்கிறான்.

சித்தி, 9:01
சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று உன் அம்மாவை எத்தனை பேர் பேசினார்கள். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் நாளைக்கு வந்து பேசுகிறேன்.

சித்தி, 9:03
என் பையன்கள் இரண்டு பேரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

சித்தி வீட்டுச் சின்னவன், 9:10
அம்மா, சொன்னால் பயப்படுவாய் என்று சொல்லவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து செம்பனைக் காட்டு ரோட்டில் வரும்போது ஓரத்தில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. போன மாதம் மாட்டை இடித்திருப்பேன்.

தம்பி, 9:12
எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. நாளையிலிருந்து இருட்டில் மோட்டார் சைக்கிள் எடுக்காதே. அண்ணன் சொல்கிறேன், கேள்.

சித்தி, 9:15
மருந்து இருக்கிறதா?

ஈப்போ அக்கா, 9:24
இந்த மரபணுவுக்கான சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது சித்தி. ஆர்பிஇ65 என்ற வேறொரு மரபணுவுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், நமக்கு அது பொருந்தாது. ஆனால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்தாலோ புரை விழுந்தாலோ அதற்கு வைத்தியம் உண்டு. நீர் கோப்பதை ஓசிடி சீக்கிரமே காட்டிவிடும். அதற்காகவே வருடாவருடம் போக வேண்டும்.

சித்தி, 9:29
சரிம்மா. எப்போது போகலாம்?

ஈப்போ அக்கா, 9:33
நாளைக்கே அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு பையன்களுக்கும் கண் டாக்டரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள். தாத்தா, தம்பி விவரம் சொன்னால்தான் அதில் எழுதுவார்கள். தேதி கிடைத்ததும் நான் காரில் வருகிறேன். சொட்டு மருந்து விட்ட பிறகு மோட்டாரில் திரும்ப முடியாது.

சித்தி வீட்டுச் சின்னவன், 9:35
சரிக்கா. ஷிப்ட் மாற்றச் சொல்லி நாளை காலையே கேட்கிறேன்.