அம்மாவின் காலில் ஆறாத சீனிப் புண்: பச்சிலை வைக்கலாமா?

வணக்கம் உறவுகளே. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, 11 வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). கொழுந்து மலையில் சப்பாத்து உரசி இடது பெருவிரலுக்குக் கீழே வந்த கொப்புளம் 7 வாரமாகியும் ஆறவில்லை. வலியே இல்லை என்கிறார். நரம்பு மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயம். கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டுகிறோம், அதை நிறுத்தப் போவதில்லை.

எங்கள் லயத்து வீடுகளில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மஞ்சள் அப்பு, கற்றாழைச் சோறு வை, காட்டுத் தேன் தடவு, வல்லாரையை அரைத்துக் கட்டு. எல்லாம் அம்மா மேலுள்ள பாசத்தில்தான். வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்ற பொருள், புதுத் தோலுக்கு வேண்டிய கொலாஜன் என்ற புரதத்தைத் தூண்டுவதாக ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சுத்தமாகப் பிரித்தெடுத்த சாற்றில் செய்தவை. ஓடையோரம் பறித்த இலையை அம்மியில் அரைத்தால் மண்ணும் கிருமியும் சேர்ந்தே புண்ணுக்குள் போகும். தேனும் அப்படித்தான், மருத்துவத் தேனைக் காமாக் கதிரால் கிருமி நீக்குவார்கள், வீட்டுப் போத்தல் தேனில் அது நடப்பதில்லை.

டொக்டருக்குத் தெரிந்தே வல்லாரைக் களிம்போ மருத்துவத் தேனோ பாவித்து ஆறியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் பிடித்தது? ஹட்டன், நுவரெலியாப் பக்கம் எந்தப் பார்மசியில் கிடைக்கும்? புண்ணில் பாரம் விழாத செருப்பு செய்து தருபவர்கள் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா இப்பவும் "நாளைக்கு மலைக்குப் போறேன்" என்றுதான் நிற்கிறார்.