ஆல்ட்டோ கியர்பாக்ஸ்: பழைய பாக்ஸ் வாங்கி மாத்துறதா, இதையே பிரிச்சு நானே சரி பண்றதா?

ஈரோட்டு ஆல்ட்டோ:

வணக்கமுங்க. வண்டி 2011 ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ, பெட்ரோல், 796 சிசி, 5 கியர். 1,20,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு.

வண்டி நிக்கறப்ப நியூட்ரல்ல கிளட்ச் மேல கால் வைக்காம இருந்தா, உள்ளே இருந்து மாவு மில் ஓடுற மாதிரி ஒரு இரைச்சல். கிளட்சை மிதிச்சா நின்னுடுது. அடுத்தது, 4-ல இருந்து 3-க்கு இறக்கினா கர்ர்னு கத்துது. நிதானமா போட்டா சத்தமில்லாம விழுது. இப்பப் புதுசா சேர்ந்தது, பெருந்துறை ரோட்டுல 5-வதுல போயிட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கியர் தானா நியூட்ரலுக்குத் துள்ளிடுது.

எங்க பக்கத்து மெக்கானிக் சொன்னது: பழைய பாக்ஸ் வாங்கி மாத்தித் தர 15,000. இதையே பிரிக்கணும்னா "20-ஐத் தாண்டும், பிரிச்சாத்தான் தெரியும், கேரண்டி மட்டும் கேட்காதீங்க". புது அசெம்பிளி விலை விசாரிச்சேன். இந்த வண்டிக்கு அது ஆகாதுங்க.

கிளட்ச் பிளேட் மாத்த பாக்ஸை நானே இறக்கி ஏத்தியிருக்கேன். ஆனா பாக்ஸுக்குள்ள கை வெச்சதில்லை. ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், சர்க்கிளிப் பிளையர் இருக்கு, பேரிங்கை அழுத்தி ஏத்துற பிரஸ் இல்லை. எது உருப்படியான வழி?

பேட்டைவாசி:

நண்பா, யோசிக்கவே வேணாம். பழைய பாக்ஸ் வாங்கிப் போடுங்க. இறக்க ஏத்தத் தெரியும்னா லேபர் மிச்சம், பாக்ஸ் விலை மட்டும்தான். ஆல்ட்டோவுக்கு சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில கிடைக்காத பாக்ஸா? உங்களுக்கு கோவை உக்கடம் பக்கம்னா அங்கயே பாருங்க. கியர்பாக்ஸை வீட்டுல பிரிச்சவங்க பாதிப் பேர் அதை கோணிப்பையில போட்டுத்தான் மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போறாங்க.

பழைய ஸ்பேனர்:

தம்பி, மாற்றுவதா பிரிப்பதா என்பது இரண்டாவது கேள்வி. என்ன கெட்டிருக்கிறது என்று வண்டியே பாதி சொல்லிவிட்டது, அதை முதலில் கேளுங்கள்.

நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது, என்ஜின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும். மிதித்தால் என்ஜினிடமிருந்து பிரிந்து நின்றுவிடும். சத்தமும் கூடவே நிற்கிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம். மிதித்தால் சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தால், கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் என்று சொல்லியிருப்பேன். அது பாக்ஸுக்குள் கிடையாது, கிளட்ச் வேலையோடு முடிந்துவிடும்.

3-வது கத்துவது சின்க்ரோ ரிங் தேய்வு, அதாவது கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் தேய்ந்தது. நிதானமாகப் போட்டால் விழுகிறது என்பதே அதற்குச் சாட்சி. ரிங்குக்குப் பல்லின் வேகத்தைச் சமப்படுத்த அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எல்லா கியரும் அடம் பிடித்து, என்ஜினை அணைத்தால் மட்டும் வழவழவென்று விழுந்தால் அது கிளட்ச் முழுதாகப் பிரியாத கதை. அப்போது கேபிளைச் சரி செய்தாலே போதும். அதற்குப் போய் பாக்ஸை இறக்கியவர்களும் உண்டு.

5-வது துள்ளுவதற்குப் பல காரணம். கியரைப் பூட்டும் ஸ்லீவின் உள் பல் மழுங்கியிருக்கலாம், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். என்ஜின் மவுண்ட் கிழிந்திருந்தாலும், அடியில் கியர் ராடு புஷ் ஆடினாலும் துள்ளும். இந்த இரண்டையும் வெளியிலிருந்தே பார்க்கலாம், முதலில் பாருங்கள். இந்த பாக்ஸில் 5-வது மட்டும் இடதுபக்கக் கடைசியில், சைடு கவருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். அது ஒன்றுதான் கோளாறு என்றால் மெயின் கேஸைப் பிளக்காமலே முடிக்கலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடாக இருக்கும்போது எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து ஒரு காந்தத்தை அதில் ஓட்டுங்கள். எவ்வளவு வந்தது, காந்தத்தில் என்ன ஒட்டியது, எண்ணெயை வெயிலில் பிடித்தால் என்ன நிறத்தில் மினுக்குகிறது, மூன்றையும் எழுதுங்கள்.

கோவை_பைபாஸ்:

வித்துடுங்க சார். 2011 வண்டின்னா 15 வருஷம் முடியப் போகுது. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டணம், பசுமை வரி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு டிங்கரிங், டயர். அதுக்கு மேல கியர்பாக்ஸா?

ஈரோட்டு ஆல்ட்டோ:

@கோவை_பைபாஸ் என்ஜின் இன்னும் நல்லா இருக்குங்க, ஆயில் குடிக்கிறதில்லை, பாடியில துரு இல்லை. 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சு ஓட்டுறதா முடிவு பண்ணித்தான் இந்த செலவையே யோசிக்கிறேன்.

@பழைய ஸ்பேனர் அண்ணா, நீங்க சொன்னபடி வடிச்சுப் பார்த்தேன். ஒரு லிட்டர்கூட வரலைங்க. இடது ஆக்சில் ஆயில் சீல் பக்கம் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு, வீலுக்கு உள்பக்கமெல்லாம் தெறிச்சிருக்கு. போன வருஷம் ஒரு பட்டறையில ஆக்சில் பூட் மாத்தினாங்க, அப்ப சீல் உதட்டுல கீறியிருக்கணும்னு தோணுது. காந்தத்துல சாம்பல் நிறத்துல பசை மாதிரி நிறைய, அதோட நகத்துல கிள்ளி எடுக்கிற அளவுல சில செதில். எண்ணெயை வெயில்ல பிடிச்சா தங்க நிறத்துல மினுமினுப்பு. என்ஜின் மவுண்ட், ராடு புஷ் ரெண்டும் நல்லா இருக்கு.

பழைய ஸ்பேனர்:

அப்படியானால் கதை தெளிவாகிவிட்டது. இரண்டு லிட்டரை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. சாம்பல் பசை எந்தப் பழைய பாக்ஸிலும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். தங்க மினுக்கு சின்க்ரோ ரிங்கின் பித்தளை. செதில்தான் கெட்ட செய்தி; அது பேரிங் ஓடுபாதை உரிந்து வந்தது, அல்லது கியர் பல். எண்ணெய் குறைந்தால் ஓரத்தில் தனியாக இருக்கும் 5-வதுதான் முதலில் காயும். உங்கள் மூன்று தொந்தரவும் ஒரே சீலிலிருந்து வந்தவை.

இன்றிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உரிந்த பேரிங் எண்ணெயால் ஆறாது. அந்தச் செதில்கள் நல்ல பல்லுக்கு நடுவே போனால் பிறகு பிரித்தும் பயனில்லாமல் போகும்.

என் கருத்து: பிரியுங்கள். பழைய பாக்ஸும் உங்கள் வண்டி வயதுதான். அதில் எண்ணெய் எத்தனை மாதம் இல்லாமல் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. உங்கள் பாக்ஸில் என்ன போயிருக்கிறது என்றாவது தெரியும். ஒரு நிபந்தனை மட்டும்: கேஸைத் திறந்ததும் கியர் பல்லின் முகங்களைப் பாருங்கள். குழி, உடைந்த முனை, நீலம் பாய்ந்த நிறம் எதுவும் இல்லையென்றால் பேரிங், ரிங், சீல் செலவோடு முடியும். 3-வது கியரோ ஷாஃப்டோ கெட்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு பேட்டைவாசி சொல்கிற வழிக்குப் போங்கள். தனித்தனியாக கியர் வாங்க ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும்.

பேட்டைவாசி:

ஸ்பேனர் அண்ணன் சொல்றதை ஒத்துக்கறேன், ஆனா பாதிதான். பழைய பாக்ஸ்னா கண்ணை மூடிட்டு வாங்கறதில்லை. முன்பக்கமோ பின்பக்கமோ அடிபட்ட வண்டியில இருந்து கழட்டினதைக் கேளுங்க, அது அடிபடற நிமிஷம் வரைக்கும் ஓடிட்டிருந்த பாக்ஸ். கடையிலேயே இன்புட் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஒவ்வொரு கியரா போட்டு கையால சுத்துங்க, கரகரப்பு இருந்தா கையில தெரியும். மவுண்டிங் காதுல வெல்டிங் இருந்தா தொடாதீங்க. எண்ணெயைச் சுத்தமா வடிச்சு, துடைச்சு வெச்சிருக்கான்னா ஏன்னு கேளுங்க. கே10 பாக்ஸை "இதுவும் ஆல்ட்டோதான்"னு தள்ளப் பார்ப்பாங்க. என்ஜினே வேற, அதோட சேர்ற பெல் ஹவுசிங் உட்காராது. பில் கட்டாயம் வாங்குங்க. ஆர்.சி.ல என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான், பாக்ஸ் மாத்தினா ஆர்.டி.ஓ.ல சொல்ல வேண்டியதில்லை. ஆனா திருட்டு வண்டி சாமான்னு ஒரு பேச்சு வந்தா பில்தான் காப்பாத்தும்.

வாங்கினாலும் ஆக்சில் சீல் ரெண்டு, இன்புட் சீல் ஒண்ணு புதுசு போட்டுத்தான் ஏத்தணும். இல்லைன்னா இதே கதை மறுபடியும்.

லேத்_மேடு:

நான் பட்டறை வெச்சிருக்கேன், பேரிங் பிரஸ் பண்ண வர்றவங்க தினமும் உண்டு. பிரஸ் இல்லைன்னு பயப்படாதீங்க. பிரிக்கறது, கழுவறது, பார்க்கறது, மறுபடி பூட்டறது நீங்க பண்ணுங்க. ஷாஃப்டை மட்டும் எடுத்துட்டு ஒரு லேத்துக்குப் போங்க. சுத்தியல்ல அடிச்சுப் போடாதீங்க. வெளி வளையத்துல அழுத்தி ஷாஃப்டுல ஏத்தினா உருண்டை ஓடுற பாதையில தழும்பு விழும், புது பேரிங்கே கொஞ்ச நாள்ல இரைய ஆரம்பிக்கும். ஷாஃப்டுல ஏத்தறப்ப உள் வளையத்துல மட்டும்தான் அழுத்தம் வரணும். பிரஸ் பண்றவன் பக்கத்துல நின்னு பாருங்க.

பேரிங் வாங்க வண்டி பேரைச் சொல்லாதீங்க. பழைய பேரிங் ஓரத்துல வெட்டியிருக்கிற எண்ணை அப்படியே எழுதிட்டுப் போங்க, கடைசி எழுத்து வரைக்கும். "என்ஆர்"னு இருந்தா வெளி வளையத்துல பள்ளமும் அதுல ஸ்னாப் ரிங்கும் சேர்ந்தே வர்றது. அது இல்லாததை வாங்கினா கேஸ்ல நிக்காது. "சி3" இருந்தா உள் இடைவெளி கூடுதலானது. வெறும் எண்ணைப் பார்த்து கவுன்ட்டர்ல எடுத்துத் தர்றதுல இந்த ரெண்டும்தான் தப்பிப் போகும்.

ரெண்டு வீலுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கற டிஃப்ரன்ஷியல் பக்கம் சத்தம் இல்லாதப்ப அதோட பேரிங்கைத் தொடாதீங்க. அங்க ஷிம்னு இடைவெளிக்கு வைக்கற மெல்லிசு வளையம் இருக்கும். பேரிங் மாத்தினா ஷிம் கனத்தை அளந்து ப்ரீலோடு, அதாவது பேரிங் மேல வர்ற முன் அழுத்தம், பார்க்கணும், அதுக்கு டயல் கேஜ் வேணும், பழக்கமும் வேணும். வீட்டுல பிரிச்ச பாக்ஸ் திரும்பி வர்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

ஈரோட்டு ஆல்ட்டோ:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பிரிக்கறேன். ரெண்டு சந்தேகம்: சின்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கான்னு கண்ணால பார்த்தாத் தெரியுமா? 5-வது கியர் நட்டைக் கழட்டறப்ப ஷாஃப்ட் கூடவே சுத்துமே, எப்படிப் பிடிக்கறது?

பழைய ஸ்பேனர்:

கண்ணுக்குத் தெரியாது. ரிங்கை அதன் கூம்பில் வைத்து விரலால் சமமாக அழுத்திக்கொண்டு, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விடுங்கள். புது ரிங்கில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். சுற்றிலும் மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். ரிங்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடாதீர்கள், கழற்றும்போதே எந்தக் கியருடையது என்று கம்பியில் கோத்துச் சீட்டு கட்டுங்கள். ஸ்லீவும் அதற்குள் இருக்கும் ஹப்பும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதைத் தொடும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்டுக்கு: இரண்டு கியரை ஒரே நேரத்தில் போட்டால் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும். நட்டின் உதடு பள்ளத்தில் தட்டப்பட்டிருக்கும், முதலில் அதை நிமிர்த்துங்கள். திரும்பப் போடும்போது புது நட்.

பாக்ஸை இறக்கும்போது என்ஜினை மேலிருந்து தாங்குங்கள். ஸ்டாண்ட் இரண்டு பக்கமும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள்.

எண்ணெய் 75டபிள்யூ-90 கனம், ஜிஎல்-4 தரம். கடைக்காரர் "ஜிஎல்-5 இதைவிட உசத்தி" என்று கொடுப்பார், வாங்காதீர்கள். அது பின் ஆக்சில் பற்களுக்கானது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்குக்கு ஆகாது, வழுக்கலும் கூடுதல். லெவல் போல்ட் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். கேஸ் சேரும் முகத்தில் கசிவு தடுக்கும் அனபாண்ட் பசை மெல்லிசாக ஒரே கோடு போதும்.

ஈரோட்டு ஆல்ட்டோ:

வேலை முடிஞ்சுதுங்க. இன்புட் ஷாஃப்ட் இடது பேரிங் ஓடுபாதையில பொரிஞ்சு போயிருந்தது, வலதுலயும் கரகரப்பு. ரெண்டும் மாத்தியாச்சு. 3-வது ரிங் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், அதோட ஜோடி 4-வதையும் மாத்திட்டேன். 1, 2 ரிங் நல்லா இருந்தது, விட்டுட்டேன். 5-வது ஸ்லீவ் பல் முனை உருண்டு போய், ஃபோர்க்கும் ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருந்தது. அந்த ஸ்லீவ்-ஹப் செட்டுதான் கிடைக்க இழுத்தடிச்சது. கடைசியில உக்கடத்துல ஒரு உடைஞ்ச கேஸ் பாக்ஸ்ல இருந்து ஃபோர்க்கோட சேர்த்து எடுத்தேன், பல் கூர்மையா இருக்கான்னு புதுசோட படத்தை வெச்சுப் பார்த்து. கியர் பல் எதுலயும் குழி இல்லை. டிஃப்ரன்ஷியலைத் தொடலை. சீல் எல்லாம் புதுசு, இறக்கினதோட ரிலீஸ் பேரிங்கும்.

கிளட்ச் பிளேட் நல்லா இருந்ததால மொத்தம் 9,000-க்குள்ள வந்தது, பிரஸ் கூலி சேர்த்து. இரைச்சல் இல்லை, 5-வது நிக்குது, 3-வது சுத்தமா விழுது. ஒண்ணே ஒண்ணு: காலையில எடுத்தவுடனே 2-வது கொஞ்சம் இறுக்கமா இருக்கு, ரெண்டு தெரு போனா சரியாகிடுது. இது புதுசு.

பேட்டைவாசி:

9,000-க்கு நான் பாக்ஸே வாங்கிக் கொடுத்திருப்பேன். சரி, நல்லா இருந்தா சந்தோஷம்.

பழைய ஸ்பேனர்:

2-வது இறுக்கம் எண்ணெய் குளிர்ச்சியால். இத்தனை நாள் பாதி எண்ணெயில் ஓடியதால் உங்களுக்குப் புதிதாகத் தெரிகிறது. சூடானபின் கத்தாதவரை விடுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் இந்த எண்ணெயை வடித்து மறுபடி காந்தத்தில் பாருங்கள். பசை மட்டும் என்றால் சரி, செதில் வந்தால் இங்கே படம் போடுங்கள். அப்போதே அந்த இடது ஆக்சில் சீலையும் விரலால் தடவிப் பாருங்கள்.