கோலாலம்பூர்ல (கே.எல்.) எத்தனை பேர், 20 லட்சமா 80 லட்சமா?

புதுசா_வர்றேன்:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் வேலைக்கு கோலாலம்பூர் வர்றேன். ஆஃபர் லெட்டர்ல கோலாலம்பூர்னு தான் போட்டிருக்கு, மேப்ல பாத்தா ஆபீஸ் சைபர்ஜெயான்னு எங்கயோ தெக்க கிடக்கு. சரி ஊரைப் பத்தி படிப்போம்னு உக்காந்தா ஜனத்தொகை 20 லட்சம்ங்கிறான் ஒருத்தன், 80 லட்சம்ங்கிறான் இன்னொருத்தன், தலைநகரம் கோலாலம்பூராம் ஆனா பிரதமர் ஆபீஸ் புத்ராஜெயாவாம். வீடு எங்க பாக்குறதுன்னே புரியல, யாராச்சும் சொல்லுங்களேன்.

செந்தூல்காரன்:
ரெண்டு நம்பரும் சரிதான் தம்பி. சட்டப்படி கே.எல்.ங்கறது 243 சதுர கிலோமீட்டர், 2020 சென்சஸ்ல 19.8 லட்சம் பேர். அந்த எல்லைக்கோடு 1974 பிப்ரவரி 1ல போட்டது, அதுக்கு முன்னாடி இது சிலாங்கூர் மாநிலத்து ஊரு. சுல்தான் மத்திய அரசுக்கு எழுதிக் குடுத்து கூட்டரசு பிரதேசம் (மத்திய அரசு நேரடியா ஆளுற பகுதி) ஆனதும் சிலாங்கூர் தன் தலைநகரத்தை ஷா ஆலமுக்கு தூக்கிட்டுப் போயிடுச்சு. ஊரு அந்தக் கோட்டோட நிக்குமா? பெட்டாலிங் ஜெயா (பி.ஜே.), சுபாங், கிள்ளான், காஜாங்னு ஒட்டிக்கிட்டே போச்சு, எல்லாம் சேந்தா கிள்ளான் பள்ளத்தாக்கு, நீங்க சொன்ன அந்த 80 லட்சம். ஃபெடரல் ஹைவேல பி.ஜே. பக்கம் போறப்ப ரோட்டுக்கு குறுக்க பெரிய வளைவு நிக்கும், அதைத் தாண்டினா சிலாங்கூர். வளைவு இல்லேன்னா ஒரு மாநிலம் மாறினதே தெரியாது, ரெண்டு பக்கமும் அதே டிராஃபிக் ஜாம்.

இன்னொண்ணு, பத்துமலையும் சிலாங்கூர் தான். 42.7 மீட்டர் முருகன் முன்னாடி நின்னு போட்டோ எடுத்து கோலாலம்பூர்னு போடாத ஆளே இல்ல 😄 ஏர்போர்ட்டும் சிப்பாங்ல இருக்கு.

தலைநகரம் கே.எல்.தான், நாடாளுமன்றமும் மாமன்னர் அரண்மனையும் இங்கதான். 1999ல பிரதமர் ஆபீஸ் புத்ராஜெயாவுக்குப் போச்சு, அப்புறம் அமைச்சுகள் பாதிக்கு மேல பின்னாடியே போச்சு. புத்ராஜெயால மொத்தமே 1.1 லட்சம் பேர்தான், சாயங்காலம் ஆபீஸ் விட்டா ரோடு வெறிச்சுனு கிடக்கும்.

ஓய்வு_டீச்சர்:
தம்பி, ஊரு ஏன் இங்க வந்துச்சுன்னு தெரிஞ்சா மத்ததும் புரியும். துறைமுகம் கிடையாது, கடல் கிள்ளான்ல. 1857ல 87 சீனத் தொழிலாளிங்க வெள்ளீயம் தேடி ஆத்து வழியா படகுல வந்தாங்க. கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுற இடத்துக்கு மேல படகு ஏறல, அங்க இறங்கி காட்டுக்குள்ள அம்பாங்குக்கு நடந்தாங்க. ஒரு மாசத்துல 18 பேர்தான் மிஞ்சினாங்கன்னு சொல்லுவாங்க. சாமான் இறக்கின அந்த சேத்துக்கரை தான் ஊராச்சு, பேருக்கே சேறான ஆறு கூடுற இடம்னு தான் அர்த்தம். இப்ப அந்த முனையில மஸ்ஜித் ஜாமேக் இருக்கு. ஈயச் சுரங்கமெல்லாம் போயி இப்ப பேங்க், ஆபீஸ், கடை, ஹோட்டல், இதுதான் பொழப்பு. ஆறு மட்டும் பழைய குணத்தை விடல, 1971 வெள்ளத்துல ஊரே முழுகிச்சு. 2007ல ஸ்மார்ட் டனல் திறந்தாங்க, சாதாரண நாள்ல கார் போற பாதை, பெருமழைன்னா காரை நிறுத்திட்டு தண்ணிய விட்டுருவாங்க.

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. ரயில்வே வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க தான் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தங்கினது. இப்ப நகரத்துக் குடிமக்கள்ல இந்தியவங்க நாம பத்துல ஒரு பங்கு, மலாய்க்காரங்க பாதிக்கு கொஞ்சம் கம்மி, சீனவங்க நாப்பது சதவீதத்துக்கு மேல. என் வயித்தெரிச்சல் என்னன்னா, இங்க இருக்கறவங்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான், சட்டமன்றம் கிடையாது, டத்தோ பண்டாரையும் (மேயர்) நியமிக்கிறாங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கற என் மச்சானுக்கு ரெண்டு ஓட்டு, எனக்கு ஒண்ணு.

புதுசா_வர்றேன்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே. அப்ப நான் கே.எல்.லயே தங்கினா சைபர்ஜெயா போக முடியுமா, கார் இல்ல.

செந்தூல்காரன்:
போகலாம். எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) புத்ராஜெயா லைன் 2023ல முழுசா ஓட ஆரம்பிச்சுது, சைபர்ஜெயால ரெண்டு ஸ்டேஷன். ஆனா ஆபீஸ் ஸ்டேஷன்ல இருந்து எவ்ளோ தூரம்னு மொதல்ல பாருங்க, மத்தியான வெயில்ல அங்க நடக்க முடியாது. காலையில கூட்டமெல்லாம் கே.எல்.ல இறங்கத்தான் வரும், நீங்க எதிர்ப்பக்கம் போறதால உக்காந்துட்டே போலாம். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை கேட்டுருங்க.